மூன்றே நாளில் ‘நம்ம ஆளுங்க’

2012 மழைக்காலம். ரங்கூன் டவுனில் நான் வேலை பார்த்த கெஸ்ட் ஹவுஸ். (யாங்கோன் என்று பெயர் மாறியது 1989-ல், எங்கள் வீட்டில் இன்றைக்கும் ரங்கூன்தான்.) பொது மேஜையில் டென்மார்க்கிலிருந்து வந்த ஒரு பெண் நான்கு நூறு டாலர் நோட்டுகளைப் பரப்பி வைத்துக்கொண்டு, இப்போது அழுதுவிடுவாள் போல உட்கார்ந்திருந்தாள். நான்கிலும் நடுவில் மடிப்பு. அந்தக் காலத்து பர்மாவில் மடிப்பு விழுந்த டாலரைப் பணம் மாற்றுகிறவர்கள் தொடமாட்டார்கள். ஓரத்தில் ஒரு மைப்புள்ளி இருந்தாலும் திருப்பித் தள்ளிவிடுவார்கள். வெளிநாட்டு கார்டைப் போட்டால் பணம் வரும் ஏடிஎம் அப்போது எங்கள் நாட்டில் இல்லை. ஆக, கையில் 400 டாலர் இருந்தும் அவளால் ஒரு டீ வாங்கிக் குடிக்க முடியாது.

மேஜையைச் சுற்றி இன்னும் ஐந்து பேர். காலையில்தான் ஒருவரை ஒருவர் பார்த்திருந்தார்கள். அதில் ஒரு கனடாப் பையன் தன் பாஸ்போர்ட்டுக்குள்ளிருந்து சலவை நோட்டு ஒன்றை எடுத்தான். “நான் நாளைக்கு பாங்காக் போறேன். அங்கே மடிப்பு இருந்தாலும் வாங்கிப்பாங்க” என்று சொல்லி நோட்டை மாற்றிக்கொண்டான். அடுத்து ஒரு வயதான பிரெஞ்சுக்காரர். அவருக்கும் இரண்டு நாளில் விமானம். பதினைந்து நிமிஷத்தில் நான்கு நோட்டும் மாறிவிட்டன. கவுன்டருக்குப் பின்னால் பாஸ்போர்ட் எண்களை ரிஜிஸ்டரில் எழுதிக்கொண்டிருந்த நான் பிறகு அவளிடம் கேட்டேன்: அந்தப் பையன் பெயர் என்ன? அவளுக்குத் தெரியவில்லை. கேட்கவே இல்லையாம்.

முன்பின் தெரியாத ஆளிடம் நூறு டாலரைக் கொடுத்து வாங்க என் சொந்தக்காரர்களே யோசிப்பார்கள். இந்தப் பிள்ளைகளுக்கு அந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது? இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான்.

தமிழில் ‘ரயில் சிநேகம்’ என்று ஒரு சொல் உண்டு. வண்டியில் பக்கத்து சீட்டுக்காரரோடு புளியோதரையைப் பங்கு போட்டுக்கொண்டு, மகள் கல்யாணம் வரை பேசிவிட்டு, எழும்பூரில் இறங்கியதும் மறந்துபோகிற சிநேகம். முதுகில் பையை மாட்டிக்கொண்டு நாடு நாடாகச் சுற்றும் பேக்பேக்கர்களிடம் இருப்பதும் இதுதான் என்று பலர் நினைக்கிறார்கள். பாதிதான் சரி. சிநேகம் இரண்டு பேருக்கு நடுவில் இருப்பது. நான் அந்த மேஜையில் பார்த்தது வேறு. அந்தப் பெண்ணுக்குக் கனடாப் பையன் சிநேகிதன் ஆகவில்லை. ஆனால் மாண்டலேயிலும் இப்படி ஒரு மேஜை இருக்கும், அங்கேயும் யாராவது கை கொடுப்பார்கள் என்ற தைரியம் அவளுக்கு வந்துவிட்டது. நம்பிக்கை ஆள் மேல் இல்லை, கூட்டத்தின் மேல். ‘நம்ம ஆளுங்க’ என்கிற உணர்வு அது.

இதை முதலில் ஒரு தனிக் கருத்தாக எடுத்துப் பேசியவர் அமெரிக்க உளவியலாளர் செய்மூர் சாரசன், 1974-ல். தன்னைத் தாங்கக்கூடிய, தேவைப்படும்போது நம்பிச் சாயக்கூடிய ஒரு கூட்டத்தில் தான் ஒரு ஆள் என்று ஒருவர் மனதில் உணர்வது. இந்த உணர்வு இருக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்தே மனிதனின் வாழ்வு நலமாக அமையும் என்றார். 1986-ல் டேவிட் மெக்மில்லன், டேவிட் சேவிஸ் என்ற இருவர் அதைப் பிரித்துப் பார்த்து, நான்கு இழைகளால் ஆனது என்று எழுதினார்கள். நான் உள்ளே இருக்கிறேன் என்பது ஒன்று. என் பேச்சு இங்கே எடுபடும், இவர்கள் பேச்சு என்னிடம் எடுபடும் என்பது ஒன்று. என் தேவை இங்கே தீரும் என்பது ஒன்று. நாம் சேர்ந்து ஒன்றைப் பட்டிருக்கிறோம் என்பது கடைசி. இந்த நான்கும் ஒரு தெருவுக்குப் பொருந்தும், ஒரு தொழிற்சங்கத்துக்குப் பொருந்தும், கோயில் கமிட்டிக்கும் பொருந்தும். பேக்பேக்கர்களிடம் வியப்பு என்னவென்றால், மற்ற இடங்களில் பத்து வருஷம் எடுப்பது இங்கே மூன்று நாளில் நடந்துவிடுகிறது.

உள்ளே, வெளியே

எந்தக் கூட்டத்துக்கும் ஒரு வரம்பு வேண்டும். வரப்பு இல்லாமல் வயல் இல்லை. பேக்பேக்கர்களின் வரப்பு, அவர்கள் கேட்டுக்கொள்ளும் கேள்விகளில் இருக்கிறது. ஏழு வருஷம் கவுன்டரில் உட்கார்ந்து கேட்டவன் சொல்கிறேன், வரிசை மாறவே மாறாது: எங்கிருந்து வர்றே, அடுத்து எங்கே, எத்தனை நாளா வெளியே இருக்கே. அப்பா என்ன வேலை, சம்பளம் எவ்வளவு, கல்யாணம் ஆச்சா என்பதெல்லாம் கிடையாது. நம்மவர்கள் முதலில் கேட்பது எதுவோ அது இங்கே கடைசியில்தான் வரும், பல சமயம் வராமலே போகும். பெயரும் அப்படித்தான்.

அடையாளங்களும் உண்டு. கிழிந்து தைத்த முதுகுப்பை, செருப்பு வார் மறைத்த இடம் மட்டும் வெளுத்த பாதம், ஸ்காட் மார்க்கெட்டில் வாங்கித் தப்பாகக் கட்டிய லுங்கி. எங்கள் வாட்ச்மேன் தினம் ஒருத்தருக்காவது பர்மியக் கட்டு சொல்லிக்கொடுப்பார். மூன்றாவது நாள் அவரிடம் கற்றவன் அன்று வந்தவனுக்குச் சொல்லிக்கொடுப்பான். பாகானிலிருந்து பத்து மணி நேரம் இரவு பஸ்ஸில் ஏசி குளிரில் விறைத்து வந்தவர்கள், அதே பஸ்ஸில் வந்த இன்னொருவரைப் பார்த்தால் முகம் மலர்வதற்கும் காரணம் இருக்கிறது. ஒன்றுக்குள் நுழைய எவ்வளவு பட்டோமோ, அந்த அளவுக்கு அதில் உரிமை தோன்றும் என்று மெக்மில்லனும் சேவிஸும் சொல்கிறார்கள். சொகுசு பஸ்ஸில், தனி அறையில், தனி காரில் வந்தவரை இவர்கள் மரியாதையாகப் பார்த்துச் சிரிப்பார்கள். மேஜையில் இடம் விடத் தோன்றாது.

இரண்டாவது இழையை நீட்ட வேண்டாம். இருபது இருபத்திரண்டு வயதில் வீட்டிலும் கல்லூரியிலும் முதல் வேலையிலும் நம் சொல்லுக்கு மதிப்பு குறைவு. இங்கே ஒருத்தி “நாளைக்கு சர்க்குலர் ரயில் ஏறலாமா?” என்றால், காலையில் ஆறு பேர் அவளோடு ஸ்டேஷனில் நிற்பார்கள். 39 ஸ்டேஷன், சுமார் 46 கிலோமீட்டர், மூன்று மணி நேரம், ஊரைச் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வரும் ரயில். ஒன்றுக்கும் உதவாத பயணம். தான் சொன்னதற்காக ஆறு பேர் வந்தார்கள் என்பதை அந்தப் பெண் ஆயுசுக்கும் மறக்கமாட்டாள்.

தேவை இருந்தபோதும், தீர்ந்தபோதும்

என் கண் முன்னால் நடந்து நான் புரிந்துகொண்டது மூன்றாவது இழையைத்தான். அதனால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

எங்கள் அப்பா வாலிபராக இருந்த 1970-களில் பர்மாவுக்கு வரும் வெளிநாட்டவருக்கு ஏழு நாள்தான் விசா. அந்த ஏழு நாளில் ரங்கூன், மாண்டலே, பாகான் என்று ஓடி முடிக்க வேண்டும். அரசாங்க விலைக்கு டாலரை மாற்றினால் கட்டுப்படியாகாது. அதனால் பாங்காக் விமான நிலையத்தில் ஒரு ஜானி வாக்கர் பாட்டில், ஒரு பெட்டி 555 சிகரெட் வாங்கிக்கொண்டு வந்து இறங்குவார்கள். வெளியே நிற்கும் டாக்ஸிக்காரர் கேட்கிற முதல் கேள்வியே ‘விஸ்கி இருக்கா’ என்பதுதான். விற்ற காசில் பயணச் செலவு பெருமளவு தேறிவிடும். இந்த வழியை அரசாங்கம் சொல்லித்தரவில்லை. முன்னால் போனவன் பின்னால் வருகிறவனுக்கு பாங்காக் டீக்கடையில் சொன்னான். தகவல் இல்லாத நாட்டில் சக பயணிதான் வழிகாட்டிப் புத்தகம், வங்கி, வைத்தியர், எல்லாம்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோதும் ஏறக்குறைய அதே நிலைமை. சிம் கார்டு நூற்றுக்கணக்கான டாலர் விலை. இன்டர்நெட் என்றால் மாலையில் ஒரு மணி நேரம், அதுவும் கரண்ட் இருந்தால். அதனால் எங்கள் கவுன்டரில் ஒரு நீள நோட்டு வைத்திருந்தோம், நீல அட்டை, கணக்கு எழுதும் நோட்டு. போகிறவர்கள் வருகிறவர்களுக்காக எழுதிவிட்டுப் போவார்கள். அது இன்னும் என்னிடம் இருக்கிறது. ஒரு பக்கத்தைத் திருப்பினால், இன்லே ஏரியில் படகுக்கு என்ன பேரம் பேசலாம் என்று ஒரு கையெழுத்து. அதன் கீழே வேறு மையில் ‘இப்போது ஆயிரம் கியாட் கூடிவிட்டது, பிப்ரவரி’ என்று இன்னொரு கையெழுத்து. மௌல்மீனில் வயிறு கெட்டால் எந்தத் தெருவில் நல்ல டாக்டர் என்று வரைபடம். நடுவில் ஸ்பானிய மொழியில் எழுதிய ஒன்றுக்கு யாரோ ஆங்கிலத்தில் மொழிபெயர்ப்பும் சேர்த்திருக்கிறார்கள். இவர்களில் யாரும் யாரையும் பார்த்ததில்லை. பார்க்கப்போவதும் இல்லை. கைமாறு கேட்க வழியே இல்லாத உதவி. வாங்கியவரிடம் திருப்பித் தராமல் அடுத்து வருகிறவருக்குத் தருவது. கனடாப் பையன் செய்ததும் அதே கணக்குதான், அவனுக்கு வேறொரு ஊரில் வேறொருவர் ஏதோ செய்திருப்பார்.

2014 ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் இரண்டு வெளிநாட்டு கம்பெனிகள் அடுத்தடுத்து வந்து 1,500 கியாட்டுக்கு சிம் விற்கத் தொடங்கின. எங்களுக்கும் அது பெரிய விடுதலை. மௌல்மீனில் இருக்கும் அத்தையோடு நினைத்தபோது பேச முடிந்தது. அதே வருஷம் இணையத்திலேயே விசாவும் வந்தது. ஏடிஎம்கள் தெருவுக்குத் தெரு. பயணிகள் பெருகினார்கள், எங்கள் கெஸ்ட் ஹவுஸில் கட்டில் கிடைக்காத நிலை. ஆனால் பொது மேஜையில் சத்தம் குறைந்தது. அதே ஆறு நாற்காலி, அதே வயதுப் பிள்ளைகள், அதே ஊர்க்காரர்கள். தலை குனிந்து அவரவர் போனில். நோட்டில் 2013-க்கு நாற்பது பக்கம் இருக்கிறது. 2016-க்கு மூன்று.

பிள்ளைகள் மாறிப்போனார்கள் என்று என் முதலாளி சொல்வார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒருவருக்கு ஒருவர் தேவைப்படுவது நின்றுபோனது, அவ்வளவுதான். நல்ல மனசு இருந்தால் ஒட்டுறவு தானாக வரும் என்று நினைக்கிறோம். மனசு எல்லாக் காலத்திலும் இருக்கிறது. அதைக் கேட்டு வாங்குகிற தேவை இருந்தால்தான் அது வெளியே வருகிறது.

காப்புக் கட்டிய நாட்கள்

அப்படியானால் இவ்வளவு சீக்கிரம் எப்படி? நம்மிடம் இதற்கு அருமையான உவமை இருக்கிறது, தீமிதி.

எங்கள் பகுதி அம்மன் கோயிலில் வருஷா வருஷம் தீமிதி உண்டு. காப்புக் கட்டியதும் விரதக்காரர்கள் வீட்டை விட்டு வந்துவிடுவார்கள். மஞ்சள் துணி, வெறுங்கால், ஒரு வேளைச் சாப்பாடு, கோயில் மண்டபத்தில் தூக்கம். நகைக்கடை வைத்திருப்பவரும் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவரும் ஒரே பாயில் படுத்திருப்பார்கள். யார் யாரைக் கூப்பிட்டாலும் ‘சாமி’தான். தீ மிதித்து, காப்பு அவிழ்த்து, மஞ்சள் நீராடி வீட்டுக்குப் போனதும் அவர் பழையபடி முதலாளி, இவர் பழையபடி கூலியாள். நடுவில் இருந்த அந்த நாட்களில் மட்டும் இருவரும் வெறும் சாமி.

பிரான்சில் வான் ஜென்னெப் என்ற ஆய்வாளர் 1909-லேயே உலகத்துச் சடங்குகளில் இந்த மூன்று படிகளைக் கவனித்து எழுதினார்: பிரிதல், வாசற்படியில் நிற்பது போன்ற இடைநிலை, மறுபடி சேர்தல். அறுபது வருஷம் கழித்து, 1969-ல், விக்டர் டர்னர் என்ற மானிடவியலாளர் அந்த நடுப்படியை ஊன்றிப் பார்த்தார். ஆப்பிரிக்காவில், இன்றைய ஜாம்பியாவில், இந்தெம்பு மக்களிடையே வாழ்ந்து ஆராய்ந்தவர். பட்டம், பதவி, குலம் எல்லாம் கழன்று நிற்கிற அந்த இடைவெளியில் மனிதர்களுக்குள் ஒரு தனிச் சமத்துவமும் நெருக்கமும் பிறக்கிறது என்று சொல்லி, அதற்குக் ‘கம்யூனிடாஸ்’ என்று பெயர் வைத்தார்.

பேக்பேக்கர் காப்பு கட்டாத விரதக்காரர். ஊரில் அவர் யார் என்பது இங்கே யாருக்கும் தெரியாது. இரண்டு சட்டை, ஒரு துண்டு, அடுக்குக் கட்டிலில் மேல்தட்டு. அதற்கு மேல் வயதும் சேர்கிறது. 18-லிருந்து 25 வரையான வயதைப் பிள்ளைப் பருவமும் இல்லாத, முழு ஆளும் ஆகாத ஒரு தனிப் பருவமாகப் பார்க்க வேண்டும் என்று ஜெஃப்ரி ஆர்னெட் என்ற உளவியலாளர் 2000-ல் எழுதினார். படிப்பு முடிந்து வேலை தொடங்காதவர், பட்டாளத்திலிருந்து விடுபட்ட இஸ்ரேல் பையன், காதல் முறிந்த கொரியப் பெண். வாழ்க்கையிலேயே வாசற்படியில் நிற்பவர்கள் வந்து இன்னொரு வாசற்படியில் உட்காருகிறார்கள். ஒட்டிக்கொள்ளாமல் என்ன செய்வார்கள்?

வேற்றாளிடம் மனம் திறப்பதும் இதோடு சேர்ந்ததே. பக்கத்தில் இருப்பவரிடம் மறைக்கிற ரகசியங்களை வெளியிலிருந்து வந்த ஆளிடம் மனிதர்கள் கொட்டிவிடுகிறார்கள் என்று ஜெர்மானிய அறிஞர் கியோர்க் சிம்மல் 1908-லேயே எழுதியிருக்கிறார். ராத்திரி ரெண்டு மணிக்கு எங்கள் மாடிப்படியில் உட்கார்ந்து, அம்மா இறந்ததைப் பற்றி அதுவரை வாய் திறக்காத ஒரு பிள்ளை அன்று சந்தித்தவளிடம் சொல்லி அழுததை நான் பார்த்திருக்கிறேன். வெந்நீர் ஃபிளாஸ்க்கையும் இரண்டு கப்பையும் படியில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

இடத்துக்கும் இதில் பங்கு உண்டு. ஹாஸ்டல் என்றால் நமக்கு மாணவர் விடுதி ஞாபகம் வரும். பயணிகளின் ஹாஸ்டலும் பள்ளிக்கூடத்தில்தான் பிறந்தது. ஜெர்மனியில் ரிச்சர்ட் ஷிர்மான் என்ற ஆசிரியர் 1909-ல் பிள்ளைகளை நடைப்பயணமாகக் கூட்டிப் போனபோது இடிமழை. ஒரு பள்ளிக் கட்டடத்தில் ஒதுங்கி, வைக்கோல் பரப்பி எல்லோரும் படுத்தார்கள். விடுமுறையில் பூட்டிக் கிடக்கும் பள்ளிகளை இப்படித் திறந்துவிட்டால் என்ன என்ற எண்ணம் அந்த இரவில் உதித்தது. 1912-ல் ஆல்டேனா கோட்டையில் நிரந்தர விடுதி வந்தது. வான் ஜென்னெப் எழுதியதும் ஷிர்மான் மழையில் நனைந்ததும் ஒரே வருஷம் என்பது எனக்குப் பிடித்த தற்செயல். எல்லோரும் ஒரே அறையில் படுத்து, ஒரே அடுப்பில் சமைத்து, ஒரே மேஜையில் சாப்பிடும்படி கட்டியதால்தான் அங்கே பேச்சு பிறந்தது. நம் சத்திரங்களிலும் திண்ணைகளிலும் நடந்தது அதுவே.

கலோவிலிருந்து இன்லே வரை

நான்காவது இழையை ஒரு நடையைச் சொல்லியே விளக்க முடியும். 2015 அக்டோபர். ஷான் மலையில் கலோ ஊரில் என் சித்தப்பா மகன் வழிகாட்டி. ஆள் போதவில்லை என்று என்னைத் துணைக்கு அழைத்தான். கலோவிலிருந்து இன்லே ஏரி வரை சுமார் 60 கிலோமீட்டர், மூன்று நாள், இரண்டு இரவு. ஐந்து பேர்: ஜெர்மனியிலிருந்து ஒரு ஜோடி, ஒரு கொரியப் பெண், பட்டாளம் முடித்த இஸ்ரேல் பையன், பிறகு மலேசியாவின் ஈப்போவிலிருந்து வந்த ஒரு தமிழ்ப் பிள்ளை. என் முகத்தைப் பார்த்ததுமே “அண்ணே, நீங்க தமிழா?” என்றாள். நடை தொடங்கும் முன்னரே எனக்கு அவள் நம்ம ஆள் ஆகிவிட்டாள். ஆனால் முதல் நாள் முழுக்க அவள் நடந்தது அந்த நால்வரோடுதான், அதுவே இயல்பும்கூட. மொழி ஒரு வட்டம், முதுகுப்பை இன்னொரு வட்டம். ஒரே ஆள் இரண்டிலும் நிற்கலாம்.

முதல் நாள் மிளகாய்க் கொல்லைகளுக்கு நடுவே நல்ல வெயில். எல்லோரும் மரியாதையாகப் பேசிக்கொண்டார்கள். மேடு ஏறினால் சிக்னல் வரும், உடனே போன் வெளியே வரும். இரண்டாம் நாள் காலை பத்து மணிக்கு மழை பிடித்தது. செம்மண் வெண்ணெய் மாதிரி வழுக்கியது. ஒரு ஓடை இறக்கத்தில் இஸ்ரேல் பையன் சறுக்கி, கணுக்கால் பிசகிவிட்டது. கொரியப் பெண் தன் பையிலிருந்து டேப் எடுத்துச் சுற்றினாள். அவன் பையைத் திறந்து, துணியெல்லாம் ஜெர்மன்காரர் பைக்கும் தண்ணீர் பாட்டில்கள் ஈப்போப் பிள்ளையின் பைக்கும் போயின. ஆறு மணி நேர நடை ஒன்பது மணி நேரம் ஆனது. ஒருவரும் முன்னால் போகவில்லை. கடைசி மேட்டில் அவன் வலி தாங்காமல் நின்றபோது ஈப்போப் பிள்ளை பக்கத்தில் நின்று, அடுத்த மரம் வரை, அடுத்த கல் வரை என்று ஒவ்வொன்றாகக் காட்டி நடக்க வைத்தாள்.

பவோ என்ற மலை இனத்தவரின் கிராமத்தில் ஒரு பாட்டியின் மூங்கில் வீட்டு மாடியில் தங்கல். வரிசையாகப் பாய், கனத்த போர்வை, ஒரு மெழுகுவர்த்தி. பாட்டி பெரிய ஈயப் பாத்திரத்தில் வெந்நீர் கொண்டுவந்து அவன் காலை எடுத்து உள்ளே வைத்தார். வழிகாட்டியும் நானும் எப்போதும் அடுக்களைப் பக்கம் உட்கார்ந்து சாப்பிடுவதுதான் வழக்கம். அன்று கொரியப் பெண் அந்தத் தாழ்ந்த வட்ட மேஜையில் இரண்டு தட்டு கூட வைத்தாள். நான் தயங்கினேன்.

“அண்ணே, நீங்க ரெண்டு பேரும் அங்க உக்காந்தா எங்களுக்குச் சோறு இறங்காது. வாங்கண்ணே” என்றாள் ஈப்போப் பிள்ளை.

போய் உட்கார்ந்தோம். நெருக்கம் எத்தனை நாள் பழகினோம் என்பதைவிட, எதைச் சேர்ந்து தாண்டினோம் என்பதைப் பொறுத்தது என்று 1986-ல் மெக்மில்லனும் சேவிஸும் எழுதியதை நான் பிற்பாடுதான் படித்தேன். நடந்தது முக்கியமானதாக இருக்க வேண்டும், அது ஒரு முடிவுக்கும் வர வேண்டும். அந்தரத்தில் விட்டால் ஒட்டாது. எங்களுக்கு முடிவு மூன்றாம் நாள் படகில் வந்தது. இன்லே படகில் நாற்காலிகள் ஒன்றின் பின் ஒன்றாகத்தான் இருக்கும். டீசல் இன்ஜின் சத்தத்தில் ஒரு வார்த்தை பேச முடியாது. முன்னால் இருந்த பையன் திரும்பாமலே கையைப் பின்னுக்கு நீட்டினான். அடுத்தவர் பிடித்துக்கொண்டு தன் மறு கையைப் பின்னால் நீட்டினார். கரை வரும்வரை அப்படியே போனார்கள். கடைசி நாற்காலி என்னுடையது.

இதில் என் மனதை உறுத்துவது ஒன்று உண்டு. அன்று இரவு வரம்பு எங்களையும் உள்ளே விடும்படி நகர்ந்தது. ஆனால் பாட்டி அடுக்களையிலேயே இருந்தார். அந்தச் சோற்றைச் சமைத்ததும் அந்தக் காலைக் கழுவியதும் அவர்தான். பயண ஒட்டுறவைப் பற்றி எழுதுகிறவர்கள் பலரும் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். பேக்பேக்கர்கள் தங்களுக்குள் எவ்வளவு நெருங்குகிறார்களோ, அந்த அளவுக்கு ஊரை ஜன்னல் வழியாகப் பார்க்கிற ஆபத்தும் வளர்கிறது. அதே ரொட்டி, அதே பாட்டு, அதே ஆங்கிலம். பர்மாவில் இருபத்தெட்டு நாள் இருந்துவிட்டு ஒரு பர்மியர் பெயர்கூடத் தெரியாமல் போனவர்களை வழியனுப்பியிருக்கிறேன். கெட்டவர்கள் இல்லை. வட்டம் முழுமையாக இருந்ததால் வெளியே பார்க்கத் தேவை வரவில்லை.

அதனால் புதிதாகப் புறப்படும் தம்பி தங்கைகளிடம் நான் சொல்வது: தங்குமிடம் தேடும்போது ஏசியைப் பார்க்காதீர்கள், பொது அடுப்பும் பொது மேஜையும் இருக்கிறதா என்று பாருங்கள். போனில் பார்த்துத் தெரிந்துகொள்ளக்கூடியதையும் பக்கத்தில் இருப்பவரிடம் கேளுங்கள். கேட்பது அவருக்கும் ஒரு கொடை. ஒரு நாளாவது கஷ்டமான ஒன்றைக் கூட்டாகச் செய்யுங்கள், மலையோ, மூன்றாம் வகுப்பு ரயிலோ. எங்கள் ஊர் டீக்கடையில் மொஹிங்கா (மீன் குழம்பு ஊற்றிய அரிசி நூடுல்ஸ்) சாப்பிடும்போது பரிமாறும் பெண்ணை ‘அமா’ என்று கூப்பிடுங்கள். அக்கா என்று அர்த்தம். தமிழ்க் காதுக்கு அம்மா என்று விழும், இரண்டுமே தவறில்லை.

ஒன்று மிச்சம் இருக்கிறது, மூன்றாவது படி. தீமிதியில் காப்பு அவிழ்க்க ஒரு நாள், மஞ்சள் நீராட ஒரு சடங்கு, வாசலில் ஆரத்தி எடுக்க வீட்டார். பேக்பேக்கருக்கு அப்படி எதுவும் கிடையாது. விமானம் இறங்கும், மறுநாள் எல்லாம் பழையபடி. ஈப்போப் பிள்ளை ஊர் போய் ஒரு மாதம் கழித்து எழுதினாள்: “அண்ணே, வீட்ல எல்லாரும் நல்லாத்தான் பாத்துக்கறாங்க. ஆனா நான் எங்க போய்ட்டு வந்தேன்னு யாருக்கும் புரியல. அந்த ஓடையப் பத்தி யார்கிட்ட பேசறது?” அவள் தேடியது பயணத்தை அல்ல. ‘சாமி’ என்று கூப்பிட்ட குரல்களை. ஊர் திரும்பியதும் வரும் அந்த வெறுமையை நோயாக நினைத்துப் பல பிள்ளைகள் பயப்படுகிறார்கள். அவிழ்க்காத காப்பு அது. உடன் நடந்தவர்களோடு பேசினாலே பாதி அவிழ்ந்துவிடும். அவளிடமும் அதைத்தான் சொன்னேன். ஐந்து பேருக்கும் எனக்கும் போனில் ஒரு குழு தொடங்கினாள். இரண்டு வருஷம் சளசளவென்று ஓடி, பிறகு மெல்ல அடங்கியது.

2020-ல் நோய் வந்தது. 2021 பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது, அதற்குப் பிறகு நாட்டு நிலைமை எல்லோருக்கும் தெரியும். கெஸ்ட் ஹவுஸ் மூடியாயிற்று. நான் இப்போது வேறு வேலையில் இருக்கிறேன்.

2025 மார்ச் 28-ல் சகாயிங், மாண்டலேப் பக்கம் 7.7 அளவில் பூமி அதிர்ந்தது. ரங்கூனிலும் ஆடியது, எங்கள் தெருவில் எல்லோரும் கீழே இறங்கி நின்றோம். இரவு கரண்ட் வந்து போனைத் திறந்தபோது, ஏழு வருஷம் பேசாமல் கிடந்த அந்தக் குழுவில் வரிசையாகச் செய்திகள். நான் இருக்கிறேனா, என் தம்பி இருக்கிறானா என்று நால்வர். கொரியப் பெண் மட்டும் வேறு மாதிரி எழுதியிருந்தாள்: அந்தப் பாட்டி வீடு என்ன ஆயிற்று?

இன்லே பக்கமும் பலத்த சேதம். கலோவில் தம்பிக்கு லைன் கிடைக்க மூன்று நாள் ஆனது. வீடு நிற்கிறது, அடுக்களைச் சுவர் மட்டும் சாய்ந்துவிட்டது, பாட்டி மகள் வீட்டில் இருக்கிறார் என்றான். குழுவில் எழுதினேன். சுவர் கட்ட என்ன செலவாகும் என்று இஸ்ரேல் பையன் கேட்டான், காசை எப்படி அனுப்புவது என்று ஜெர்மன்காரர் கேட்டார். ஈப்போப் பிள்ளை கேட்டது கடைசியில் வந்தது.

“அண்ணே, பாட்டி பேரு என்ன?”

எனக்கும் தெரியவில்லை. தம்பிக்கு மறுபடி போன் போட்டுக் கேட்டு எழுதினேன்.